தோற்றுப் பழகிய கல்லூரி ஃபுட்பால் அணியின் கல்ச்சரை ஒரு புது கோச்சால் மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் அது நாம் எதிர்பார்க்கிற இடத்தில் நடப்பதில்லை. பெரும்பாலும் நாம் எதிர்பார்க்கிற ஆளும் அதைச் செய்வதில்லை.

கேள்வி கேட்டவரின் சந்தேகம் நியாயமானது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் வருகிற ஒவ்வொரு கோச்சும் "கல்ச்சரை மாற்றப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறார். அது நிஜமா, இல்லை முதல் இரண்டு வருடத் தோல்விக்கு முன்ஜாமீனா என்று கேட்டிருக்கிறார். இரண்டும் உண்டு. (இங்கே ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்கன் ஃபுட்பால்.)

நான் விளையாடியவன் இல்லை. மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தபோது அணியின் வீடியோ பிரிவில் வேலை பார்த்தேன். வெளிநாட்டு மாணவர்கள் படிப்பு நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். நூலகத்தில் இடம் கிடைக்கவில்லை, இங்கே கிடைத்தது. டச் டவுனுக்கு எத்தனை புள்ளி என்பதையே அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். நான் இருந்த காலத்திலேயே பழைய கோச்சை அனுப்பிவிட்டுப் புதியவரைக் கொண்டுவந்தார்கள்.

மைதான ஓரத்தில் நிற்கும் சிசர் லிஃப்டில் ஏறி, பயிற்சியை மேலிருந்து படம்பிடிப்பதுதான் வேலை. காற்று ஓர் அளவைத் தாண்டினால் உடனே இறக்கிவிடுவார்கள். 2010 அக்டோபரில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் பலத்த காற்றில் அப்படியொரு லிஃப்ட் சாய்ந்து, படம்பிடித்துக்கொண்டிருந்த மாணவர் இறந்துபோனார். அதன் பிறகு எல்லா இடத்திலும் உஷாராகிவிட்டார்கள்.

டிவி கேமரா பந்தைத் துரத்தும். லிஃப்டிலிருந்து பார்த்தால் 22 பேரும் தெரிவார்கள். ஓர் அணி எப்படிப்பட்டது என்பது பந்து இல்லாத பக்கத்தில்தான் தெரியும். கோச்சுகளிடம் அதற்கு ஒரு கணக்கே உண்டு, பெயர் 'லோஃப்'. ஓட வேண்டிய நேரத்தில் ஒருவர் நடந்தாலும், விசில் ஊதுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்தாலும், நமக்கு வேலை இல்லை என்று நின்றுவிட்டாலும் அது ஒரு லோஃப். வீடியோவை ஆட்டம் ஆட்டமாக ஓட்டிப் பார்த்து எண்ணுவார்கள். பழைய கோச் காலத்திலும் எண்ணினார்கள். ஆனால் நட்சத்திர ஆட்டக்காரர்களின் பெயருக்கு எதிரே எப்போதும் பூஜ்ஜியம்தான் இருக்கும். அது பொய் என்று லாக்கர் ரூமில் எல்லோருக்கும் தெரியும்.

புதியவர் வந்தபின் நடந்த வசந்தகாலப் பயிற்சி ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. அணி முழுவதும் உட்கார்ந்து முந்தைய நாள் வீடியோவைப் பார்க்கிறது, கிளிக்கர் என் கையில். பந்து வலது பக்கம் போகிறது, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக் இருபது கஜம் ஓடிவிடுகிறார், அறையில் கைதட்டல். கோச் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு லேசர் புள்ளியை இடது மூலைக்குக் கொண்டுபோனார். அணியின் மிகச்சிறந்த ரிசீவர், அதாவது எறிகிற பந்தைப் பிடிப்பவர், இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார். "மறுபடி போடு" என்றார். போட்டேன். "மறுபடி." ஒரு வார்த்தை திட்டவில்லை, அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டார். மறுநாள் பயிற்சியில் அந்த ரிசீவர் இரண்டாவது வரிசையில் நின்றார். அவர் இடத்தில் முதல் வரிசையில் நின்றவர் ஒரு வாக்-ஆன். அதாவது ஸ்காலர்ஷிப் இல்லாமல், சொந்தக் காசில் படித்துக்கொண்டு ஆடுகிறவர். அன்றைக்குத்தான் பழைய பையன்கள் புதியவரை நம்ப ஆரம்பித்தார்கள் என்று நினைக்கிறேன். அதற்கு முன் அவர் பேசிய பேச்செல்லாம் வாயால் சுட்ட வடைதான்.

வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாத ஒரு விஷயம்: தலைமை கோச்சுக்கு வீரர்களோடு கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி போட்டிக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான், மற்ற காலத்தில் எட்டு மணி நேரம். அந்த எட்டில் பெரும்பகுதி எடைப்பயிற்சிக்கும் ஓட்டத்துக்கும் போய்விடும். ஜனவரி, பிப்ரவரியில் விடிவதற்கு முன் வீரர்கள் பார்ப்பது ஸ்ட்ரெங்த் கோச்சின் முகத்தைத்தான். கோடு வரை ஓடு என்றால் கோட்டைத் தொட வேண்டுமா, ஓரடி முன்னால் திரும்பினால் போதுமா என்பதை முடிவு செய்கிறவர் அவர்தான். அதனால்தான் புது கோச் வரும்போது தன் பழைய ஸ்ட்ரெங்த் கோச்சையும் கையோடு கூட்டிவருகிறார். பத்திரிகைகள் குவார்ட்டர்பேக் யார், ஆட்ட வியூகம் என்ன என்று எழுதிக்கொண்டிருக்கும்போது அணி அந்த இருட்டு நேரத்தில் மாறிக்கொண்டிருக்கும். அல்லது நாசமாகிக்கொண்டிருக்கும்.

நாசமாவதையும் சொல்லியாக வேண்டும். "முதலில் உடைக்கணும், அப்புறம் கட்டணும்" என்கிற நம்பிக்கை இந்த விளையாட்டில் ஊறிப்போனது. அதன் மூலக்கதை 1954-இல் இருக்கிறது. டெக்சஸ் ஏ அண்ட் எம் அணிக்குப் புதிதாக வந்த பேர் பிரையன்ட், ஜங்ஷன் என்ற சிற்றூருக்கு வீரர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். கொளுத்தும் வெயில், பத்து நாள், பயிற்சிக்கு நடுவே குடிக்கத் தண்ணீர் கிடையாது. போனவர்களில் பெரும்பாலோர் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டார்கள், ஏறத்தாழ 35 பேர்தான் மிஞ்சினார்கள். இரண்டு வருடம் கழித்து அணி ஒரு போட்டியிலும் தோற்காமல் சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற வட்டார லீக்கின் பட்டத்தை வென்றது. கதையை அங்கே முடித்துவிடுவார்கள். ஜங்ஷன் முடிந்து வந்த முதல் பருவத்தில் அந்த அணி ஒன்றில் வென்று ஒன்பதில் தோற்றது என்பதைச் சொல்லமாட்டார்கள்.

இந்தக் கதையை நம்பி எத்தனை கோச்சுகள் பிள்ளைகளை வதைத்தார்களோ! 2017 ஜனவரியில் ஒரிகனில் புது கோச் குழுவின் ஆரம்பப் பயிற்சிகளுக்குப் பிறகு மூன்று வீரர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அதில் ஒருவருக்காவது ராப்டோமயோலிசிஸ், அதாவது தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை. 2018 மே மாதம் மேரிலாந்தில் ஓட்டப் பயிற்சியின்போது ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயது வீரர் வெப்பத் தாக்கில் விழுந்தார், இரண்டு வாரத்தில் இறந்தார். அதன் பின் நடந்த விசாரணைகளில் அந்த அணியின் சூழலே அலசப்பட்டது, அக்டோபர் கடைசியில் தலைமை கோச் நீக்கப்பட்டார். வலியைத் தாங்கினால் ஒழுக்கம் வந்துவிடும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மயக்கம் வருகிறது என்று ஒரு பையன் வாய்விட்டுச் சொல்லப் பயப்படுகிற அணியில், மைதானத்தில் தப்பான இடத்தில் நிற்கிறேன் என்றும் எவனும் சொல்லமாட்டான்.

எனக்குப் பிடித்த உதாரணம் கன்சாஸ் ஸ்டேட். 1989-இல் பில் ஸ்னைடர் அங்கே பொறுப்பேற்றபோது அந்த அணி இரண்டு முழுப் பருவங்களாக ஒரு போட்டியிலும் வென்றதில்லை. பெரிய கல்லூரி அணிகளில் 500 தோல்விகளை முதலில் தொட்டதும் அதுதான். அவர் வந்தபிறகும் தோல்விகள் தொடர்ந்தன, வெற்றி இல்லாத போட்டிகள் 30-ஐ எட்டின. செப்டம்பர் 30 அன்று நார்த் டெக்சஸ் அணியை 20-17 என்று கடைசி நொடியில் வென்று அந்தத் தொடர் முடிந்தது. அந்த வருடம் மொத்தமே அந்த ஒரு வெற்றிதான், தோல்வி பத்து. மனிதர் அசரவில்லை. 'வெற்றிக்கான 16 இலக்குகள்' என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார். அதில் முதலாவது அர்ப்பணிப்பு. எதிரணியின் பெயரோ, கோப்பையோ அதில் கிடையாது. பழைய சின்னத்தைத் தூக்கிவிட்டுப் புதிதாக வரைய வைத்தார். ஹெல்மெட்டில் இன்றைக்கும் இருக்கும் அந்தக் காட்டுப்பூனைத் தலை அப்படி வந்ததுதான். அடுத்த வருடம் 5 வெற்றி, 6 தோல்வி. அதற்கடுத்து 7-4. 1993-இல் 9 வெற்றிகளோடு பருவம் முடிந்தபின் தேர்ந்த அணிகளுக்கு நடக்கும் பௌல் போட்டி ஒன்றிலும் வென்றார்கள். 1998-இல் நாட்டின் முதலிடத்தையே சில நாள் தொட்டார்கள்.

ஆனால் ஸ்னைடருக்கு இருந்த ஒரு வசதி இன்று யாருக்கும் இல்லை. அன்றைக்கு ஒரு வீரர் வேறு கல்லூரிக்குப் போனால் பொதுவாக ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும். 2018-இல், வேறு கல்லூரிக்கு மாற நினைக்கும் வீரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, 2021-இல் முதல் மாற்றத்துக்கு உட்காரும் விதி போனது, 2024-இல் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. இப்போது கோச் செய்வது வீடு பழுதுபார்க்கிற வேலை இல்லை, குடித்தனத்தையே மாற்றுகிற வேலை. அதனால் கேள்வியும் மாறிவிட்டது: யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கொண்டுவருவது?

இதில் இரண்டு பேரை ஒப்பிட்டால் விஷயம் புரியும். கொலராடோ 2022-இல் ஒன்றில் வென்று பதினொன்றில் தோற்றது. அந்த டிசம்பரில் புது கோச்சாக வந்த டீயான் சாண்டர்ஸ் முதல் கூட்டத்திலேயே, ஏற்கெனவே அணியில் இருந்தவர்களிடம் போர்ட்டலில் குதித்துவிடுங்கள் என்கிற ரீதியில் பேசினார். அந்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 2023-இல் 4-8, 2024-இல் 9-4, அணியின் டிராவிஸ் ஹன்டருக்கு, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது. ஹன்டரும் கோச்சின் மகன் ஷெடூரும் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். போனதும் 2025-இல் 3-9.

இந்தியானா 2023-இல் 3-9. ஃபுட்பாலில் தோல்விக்குப் பேர்போன பல்கலைக்கழகம். அங்கே ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து கோச்சாக வந்தார் கர்ட் சிக்னெட்டி, வயது அறுபதைத் தாண்டியவர். அலபாமாவில் புகழ்பெற்ற தலைமை கோச் நிக் சேபனுக்குக் கீழே இருந்த வேலையை 2011-இல் விட்டுவிட்டு, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று இரண்டாம் பிரிவுக் கல்லூரிக்குத் தலைமை கோச்சாகப் போனவர். தன்னோடு ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 வீரர்களையும், தாக்குதல், தடுப்பு இரண்டையும் கவனிக்கும் துணை கோச்சுகளான கோஆர்டினேட்டர்களையும், ஸ்ட்ரெங்த் கோச்சையும் கூட்டிவந்தார். 2024-இல் 11-2. 2025-இல் 16-0, 2026 ஜனவரியில் மயாமியை 27-21 என்று வென்று தேசியப் பட்டம். அந்த இறுதிப்போட்டியில் எதிரணி காலால் உதைத்த பந்தை (பன்ட்) தடுத்து டச் டவுனுக்கு வழிசெய்த மிகைல் கமாரா, அந்த 13 பேரில் ஒருவர்.

இரண்டு பேருமே பழைய கல்லூரியிலிருந்து ஆள் கொண்டுவந்தவர்கள்தான். சாண்டர்ஸோடு வந்தவர்களில் பளிச்சென்று தெரிந்தவர்கள் உச்ச நட்சத்திரங்கள். சிக்னெட்டி கொண்டுவந்தது தடுப்பு வரிசை, லைன்பேக்கர், கார்னர்பேக், ரிசீவர், ரன்னிங் பேக் என்று அணியின் எல்லா மூலைக்கும் ஒருவர். ஒவ்வொரு பிரிவின் அறையிலும் "இவர் இப்படித்தான், இந்த நேரத்துக்கு வரணும், இதை இப்படித்தான் செய்யணும்" என்று சொல்ல ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அதோடு ஏற்கெனவே போர்ட்டலில் பெயர் கொடுத்திருந்த பழைய இந்தியானா வீரர்கள் சிலரைப் பேசித் திரும்ப வைத்தார். கோச் அறையில் இல்லாதபோது அவர் குரலில் யார் பேசுகிறார்கள் என்பதுதான் என் கணக்கில் கல்ச்சர். நட்சத்திரங்கள் அதைச் செய்ய முடியாது என்றில்லை. ஆனால் அவர்கள் போனதும் குரலும் போய்விடும்.

பணம் இதைக் கெடுக்கிறதா என்றும் கேட்கலாம். 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். என்சிஏஏ மீதான வழக்கில் ஏற்பட்ட சமரச ஒப்பந்தப்படி 2025-26-இல் ஒரு கல்லூரியே தன் வீரர்களுக்கு மொத்தமாக 20.5 மில்லியன் டாலர் வரை பங்கு தரலாம். லாக்கர் ரூமில் பொறாமை வரும்தான், அதைச் சமாளிக்கலாம். என் கவலை வேறு. அதே ஒப்பந்தத்தோடு அணியின் அளவு 105 பேர் என்று வரம்பு வந்தது. முன்பு 120, 130 பேர் வரை வைத்திருந்த அணிகளில் வெட்டு விழுவது வாக்-ஆன் வீரர்கள் மேல்தான். அந்த ரிசீவர் இடத்தில் நிறுத்த ஒரு பையன் இருந்தானே, அப்படிப்பட்ட பையன்களுக்கு இனி இடம் குறைவு.

உங்கள் அணி மாறுகிறதா என்று பார்க்க ஸ்கோரைப் பார்க்காதீர்கள். நிக் சேபன் அலபாமாவுக்கு வந்த 2007-இல் லூசியானா மன்ரோவிடம் சொந்த மைதானத்தில் தோற்றார், பருவம் 7-6. அடுத்த வருடம் வழக்கமான பருவத்தில் ஒரு தோல்விகூட இல்லை, 2009-இல் பட்டம். பந்து கிளம்புவதற்கு முன்பே அசைந்து வாங்கும் ஃபால்ஸ் ஸ்டார்ட் தண்டனைகள் குறைகின்றனவா என்று பாருங்கள். நான்காவது குவார்ட்டரில் தோற்றுக்கொண்டிருக்கும்போது பந்து இல்லாத பக்கம் யார் ஓடுகிறார்கள் என்று பாருங்கள். ஜனவரியில் போர்ட்டல் திறக்கும்போது, ஆடும் வாய்ப்பே கிடைக்காத இரண்டாம் வரிசை ஆட்கள் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்று பாருங்கள். நட்சத்திரம் தங்குவதற்குப் பணம் காரணமாக இருக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் தங்குவதற்கு வேறு காரணம் வேண்டும்.

எத்தனை வருடம் பொறுப்பது என்று கேட்டால், என் மனதில் மூன்று. நிர்வாகங்களின் மனதில் இப்போதெல்லாம் அவ்வளவு இல்லை. டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023-இல் ஜிம்போ ஃபிஷரை அனுப்ப 75 மில்லியன் டாலருக்கு மேல் கொடுக்க ஒத்துக்கொண்டது. அவராவது ஆறாவது பருவம் வரை இருந்தார். 1989-இன் ஸ்னைடர் இன்று அதே 1-10-ஓடு உட்கார்ந்திருந்தால், அடுத்த வருடத்து 5-6 வரை அவரை விட்டுவைத்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.