விடுமுறையில் பிள்ளைகள் சும்மா இருக்கலாமா?

கேள்வி: ஆகஸ்ட் விடுமுறை தொடங்கிவிட்டது. எனக்குத் தரம் 4இல் மகளும் தரம் 7இல் மகனும் இருக்கிறார்கள். நானும் கணவரும் வேலைக்குச் செல்வதால் பகலில் என் தாயார்தான் அவர்களுடன் நிற்கிறார். அயலிலுள்ள பிள்ளைகள் காலையில் ரியூசன், பிற்பகலில் ஆங்கிலம், மாலையில் கணினி வகுப்பு என்று ஓடிக்கொண்டிருக்க, இவர்கள் மட்டும் விறாந்தையில் கிடந்து “பொழுது போகுதில்லை” என்கிறார்கள். அடுத்த ஆண்டு மகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை வேறு. இப்படியே விட்டுவிடலாமா?
— ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: தாராளமாக விடலாம், சகோதரி. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆவது உறுப்புரை, ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமையென்றே கூறுகிறது. ஆகவே நீங்கள் செய்வது கவனக்குறைவு என்று யாரேனும் சொன்னால் கலங்க வேண்டியதில்லை.

முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் கடினமானவை. அடுத்து என்ன செய்ய வேண்டுமென்பதைத் தவணை முழுவதும் மணியடித்துச் சொல்லிவந்ததால், வெறுமையான ஒரு மணித்தியாலத்தை எப்படி நிரப்புவதென்று பிள்ளைக்கு உடனே தெரிவதில்லை. “பொழுது போகுதில்லை” என்றவுடன் ஓடிப்போய் ஏதாவது வழி காட்டினால், அடுத்த தடவையும் உங்களிடமே வருவார்கள். “யோசித்துப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைத் தொடருங்கள். பழைய சேலை ஒன்று, காட்போட் பெட்டிகள், கயிறு, தேய்ந்த சைக்கிள் டயர் என்பன கைக்கெட்டும் இடத்தில் கிடந்தால் போதும்; மாமரத்தடியில் சேலை கூடாரமாவதற்கு அதிக நேரம் எடுக்காது. தென்னோலையில் காற்றாடியும் பாம்பும் பின்னவும், கல் பொறுக்கிக் கொக்கான் வெட்டவும் உங்கள் தாயாருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகள் கேட்டால் காட்டிக்கொடுக்கட்டும். கிளித்தட்டுக்கு ஆட்கள் வேண்டும். வகுப்பு முடிந்து வரும் அந்த அயல் பிள்ளைகளையும் மாலையில் வளவுக்கு அழையுங்கள், பாவம், அவர்களுக்கும் விடுமுறைதானே!

கச்சான் காற்று அனலாக வீசும் காலமாகையால், ஓடியாடும் விளையாட்டைக் காலையிலும் நான்கு மணிக்குப் பின்னரும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உச்சிப்பொழுதில் தாயம் போடலாம், கதை கேட்கலாம், உறங்கலாம்.

விளையாட்டைப் பாடமாக்கும் ஆசை நம் பெற்றோருக்கு அதிகம். அதை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். நிலா இரவொன்றில் கல்லடிப் பாலத்தடிக்குப் போய், வாவியில் மீன் பாடுகிறதா என்று துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்தால், வீடு திரும்பியதும் அதைப்பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள்.

பரீட்சையைப் பற்றிய உங்கள் கவலை விளங்குகிறது. ஆயினும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விடுமுறையிலும் ரியூசன் வேண்டுமென்று நான் கருதவில்லை. வாசிப்பிலோ கணக்கிலோ உண்மையில் பின்தங்கியிருந்தால், நீங்கள் வேலைக்குப் புறப்படுமுன் அரை மணித்தியாலம் அவளுடன் இருங்கள். இல்லையென்றால் அதுவும் தேவையில்லை. மகனுக்கு வீட்டு வேலை இரண்டைக் கொடுங்கள்: ரொட்டி சுடப் பழகட்டும், கோழிகளுக்குத் தீன் போடட்டும்.

தாயாரின் தலையில் அதிகம் சுமத்தாதிருப்பதுதான் முக்கியம். எழுவான்கரையில் ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. பெரியவர் துணையின்றி நீர்க்கரைக்குப் போகக்கூடாதென்பதில் பேரம் பேச இடமளிக்காதீர்கள். கிணற்றுக்கட்டு தாழ்வாக இருந்தால் இந்த வாரமே மேலே வலை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். கைத்தொலைபேசியைப் பிடுங்கும் வேலையை அம்மம்மாவிடம் விட்டால் நாள் முழுவதும் சண்டையாகும். பகலில் அது உங்களுடனேயே வரட்டும், இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மணித்தியாலம் கொடுக்கலாம். நித்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நேரம் வையுங்கள். இடையிலுள்ள பகல் அவர்களுடையது.

பிள்ளைகள் எந்த வகுப்புக்குப் போகிறார்கள் என்று அயலவர் கேட்டால், “வீட்டில் நிற்கிறார்கள்” என்று சொல்லுங்கள். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.