50,000 பங்கு ஆர்டர் திடீரென்று காணாமல் போனது

பங்குச் சந்தை ஆப்பில் வாங்கும் பக்கம் 50,000 பங்குக்கு ஒரு ஆர்டர் நின்றதைப் பார்த்து நீங்களும் வாங்கினீர்கள். விலை கிட்டே வந்ததும் அந்த 50,000 மறைந்தது, வால்யூம் (கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை) மட்டும் ஏறவில்லை என்கிறீர்கள். அப்படியானால் அது நிறைவேறவில்லை, ரத்து செய்திருக்கிறார்கள். அதை நம்பி நீங்கள் வாங்கியதுதான் சிக்கல்.

பெரும்பாலும் இது ஸ்பூஃபிங், அதாவது போலி ஆர்டர் காட்டி ஏமாற்றுவது. வாங்கும் பக்கம் பெரிய எண்ணைக் காட்டி நம்மை அவசரப்படுத்திவிட்டு, தன் பங்கைச் சத்தமில்லாமல் நம் தலையில் கட்டுவது. நீங்களும் ராயபுரம் என்பதால் சொல்கிறேன்: காசிமேட்டு ஏலத்தில் ஒருவர் வஞ்சிரக் கூடைக்கு விலையை ஏற்றிவிட்டு, அடுத்தவர் கேட்டதும் நழுவினால் எப்படி இருக்கும்? அதேதான். லண்டனில் வீட்டிலிருந்தே இதைச் செய்த நவிந்தர் சிங் சராவ், 2016ல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

நாளைக்கு வாங்காமல் அரை மணி நேரம் டெப்த்தை (எந்த விலைக்கு எத்தனை பங்கு கேட்டு நிற்கிறார்கள் என்று காட்டும் பட்டியல்) மட்டும் பாருங்கள்.

1. விலை நெருங்க நெருங்க அந்த ஆர்டர் ஒரு படி கீழே தள்ளிப் போகிறதா?

2. அது மறைந்த நொடியில் வால்யூம் எவ்வளவு கூடியது? இரண்டையும் குறித்து வையுங்கள்.

இன்னொன்று, உண்மையிலேயே பெரிதாக வாங்குபவர் முழு அளவையும் காட்டுவது அபூர்வம். என்எஸ்இயில் (தேசியப் பங்குச் சந்தை) டிஸ்க்ளோஸ்டு குவான்டிட்டி, அதாவது வெளியே காட்டும் அளவு போட்டு 10 சதவீதத்தை மட்டும் காட்டலாம்.

ஆனால் ஒரு தடவை மறைந்ததை வைத்து மோசடி என்று முடிவு கட்டாதீர்கள். செய்தி வந்து மனம் மாறியும் ரத்து செய்வார்கள். ஆப்பில் வரும் டெப்த்தும் விட்டுவிட்டுத்தான் புதுப்பிக்கும், நடுவில் நடந்தது தெரியாது. திரும்பத் திரும்ப நடந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் தெரிவியுங்கள்.