உகாண்டா கிராமத்தில் சுகாதாரத் தொண்டு: ஒரு நர்ஸ் அக்காவிடம் பலர் கேட்ட கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மூன்று மாதம் உகாண்டா போகிறேன். என்ன ஊசி போட வேண்டும்?

பதில்: மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். புறப்படப் பத்து நாளாவது இருக்கும்போதே போட்டுவிடுங்கள். அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். திரும்பும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியே வைப்பார்கள்.

கேள்வி: மலேரியா மாத்திரை தேவையா? உள்ளூர்க்காரர்கள் போடுவதில்லையே.

பதில்: அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்ப வந்து ஓரளவு எதிர்ப்பு உண்டு. உங்களுக்கு இல்லை. அங்கே பெரும்பாலும் ஃபால்சிபேரம், ஆளைக் கொல்லும் வகை. டாக்ஸிசைக்ளின் மாத்திரை என்றால் ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தினமும் போட வேண்டும். பலர் விமானம் ஏறியதும் நிறுத்திவிடுகிறார்கள். வந்தபின் காய்ச்சல் அடித்தால் டாக்டரிடம் முதலில் 'ஆப்பிரிக்கா போய் வந்தேன்' என்று சொல்லுங்கள். அவராக டெங்கு என்றுதான் நினைப்பார்.

கேள்வி: நான் இன்ஜினியரிங் மாணவன். ஊசி போட, காயத்துக்குத் தையல் போட விடுவார்களா?

பதில்: விடக்கூடாது தம்பி.

கேள்வி: டாக்டரே இல்லாத இடத்தில் ஏதோ ஒரு கை உதவினால் நல்லதுதானே?

பதில்: டாக்டர் இல்லை, சரி. ஆளே இல்லை என்று யார் சொன்னது? 2001 முதல் அங்கே கிராம சுகாதாரக் குழுக்கள் இருக்கின்றன. ஊரார் தேர்ந்தெடுத்த அக்கம்பக்கத்துக்காரர்கள், அவர்களும் தொண்டர்களே. பயிற்சி பெற்றவர்கள் விரலில் குத்தி மலேரியா சோதிப்பார்கள். குழந்தையின் மூச்சை எண்ணுவார்கள். ஒரு வயதுக்கு மேல் நிமிடத்துக்கு 40, அதற்குக் கீழே 50 தொட்டால் நிமோனியா என்று அமாக்ஸிசிலின் தருவார்கள். வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும். அவர்களுக்குக் குறைவது கை அல்ல, மருந்து. கையிருப்பு தீர்ந்தால் திட்டு வாங்குவதும் அவர்கள்தான். வெளிநாட்டு ஆள் ஒருவர் ஸ்டெதஸ்கோப்போடு நின்றால் தாய்மார்கள் அவர்களைத் தாண்டி உங்களிடம் வருவார்கள். மூன்று மாதத்தில் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். அப்புறம்?

மருந்துக் கணக்கு எழுதுங்கள். அடிபம்பு பழுதுபார்ப்பவரோடு போங்கள். அங்குள்ள யூ-2 பம்பு நம் தெருமுனை இந்தியா மார்க்-2 வழி வந்ததுதான். இன்ஜினியருக்கு வேலை நிறைய.

கேள்வி: நீங்களும் வெளியாள்தானே அக்கா?

பதில்: ஆமாம். அவர்களுடைய நர்ஸ் கவுன்சிலில் பதிந்துகொண்டு, அந்த ஊர் நர்ஸம்மா சொன்னதைச் செய்த வெளியாள். இந்தப் பேச்சை இதோடு விடுவோம்.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பதில்: போஷோ என்ற சோளக்களி, பீன்ஸ், மடோகே என்ற வேகவைத்த வாழைக்காய், நிலக்கடலைக் குழம்பு. தினமும் அதேதான்.

கேள்வி: விக்டோரியா ஏரியில் குளிக்கலாமா?

பதில்: வேண்டாம். நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா புழு தோலைத் துளைத்து ஏறும்.

கேள்வி: மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்கே போடுவது?

பதில்: முதல் பதில்.

கேள்வி: 2014-இல் போட்டேன். மறுபடியும் போட வேண்டுமா?

பதில்: இது நல்ல கேள்வி. வேண்டாம். 2016 ஜூலை முதல் பழைய அட்டையும் ஆயுளுக்கும் செல்லும்.

கேள்வி: ஊசி கட்டாயமா அக்கா?

பதில்: முதல் பதில். மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: பணம் கட்டினால் பிரசவம் பார்க்க விடுவதாக ஓர் ஏஜென்சி சொல்கிறது. நான் பி.காம்.

பதில்: கட்டாதீர்கள். அந்த மாவட்ட சுகாதார அதிகாரியின் அனுமதிக் கடிதத்தை அனுப்பச் சொல்லுங்கள், பதிலே வராது.