ஆலைக் கொப்பரையில் நடப்பது ரத்தத்திலும் நடக்கிறது

புரதங்களில் நேரும் மாற்றங்கள், அவற்றால் வரும் நோய்கள் பற்றிய கேள்விகளுக்கு ஈரோட்டு வேதியியல் பேராசிரியர் ஒருவரின் பதில்கள்.

கோபியிலிருந்து ஓர் அம்மா: ஹெச்பிஏ1சி என்ற சர்க்கரை டெஸ்டுக்கு முன்னால் இரண்டு நாள் ராகிக்களிதானுங்க சாப்பிட்டேன். அப்படியும் 8.2 காட்டுது. ஏனுங்க?

இரண்டு நாள் பத்தியம் அதில் தெரியாதுங்கம்மா. கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலையில் நின்று பார்த்திருப்பீர்கள். சாறு கொதிக்கக் கொதிக்கப் பொன்னிறமாகி, அப்புறம் பழுப்பேறும். சர்க்கரை, புரதங்களின் செங்கலான அமினோ அமிலத்தோடு கூடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மய்யார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912-இல் இந்த வினையைப் பற்றி எழுதினார். நம் ரத்தத்திலும் இதே வினைதான், அடுப்பில்லாமல் மெதுவாக நடக்கிறது. ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டால், அந்தச் சிவப்பணு இருக்கும்வரை விடாது. அதன் ஆயுள் சுமார் 120 நாள். ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் இந்த டெஸ்ட் காட்டுகிறது. அதனால் அந்த எண் இரண்டு மூன்று மாதத்துக் கணக்கு. கடைசி மாதத்துக்குக் கொஞ்சம் கனம் அதிகம். உங்களுக்கு ரத்தசோகை இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைந்தாலும் எண் கூடிக் காட்டலாம்.

தாராபுரம் வாசகர்: அப்போ சீனிக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போட்டுக்கலாமுங்களா?

வேண்டாமுங்க. அதிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான்.

பொள்ளாச்சி கல்லூரி மாணவி: புரதம் மாறினாலே நோய்தானா சார்?

இல்லை கண்ணு. மாறாவிட்டால் உடம்பே ஓடாது. செல் ஒரு புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டி வேலையைத் தொடங்கும், கழற்றி நிறுத்தும். இதைக் கண்டறிந்த பிஷர், கிரெப்ஸ் இருவருக்கும் 1992-இல் நோபல் கிடைத்தது. ஒட்டும் நொதி ஓயாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால்தான் தொல்லை. ஒருவகை ரத்தப் புற்றுநோய் அப்படித்தான் வருகிறது. அந்த நொதியை அடக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001-இல் வந்தது. வேதியியல் படித்ததற்காக நான் பெருமைப்படும் இடம் இது.

காங்கேயம் வாசகர்: அப்பாவுக்கு 55 வயதிலேயே கண்புரை. சர்க்கரையும் இருக்குதுங்க. தொடர்பு உண்டா?

உண்டுங்க. கண் லென்ஸின் நடுவிலுள்ள புரதம் நாம் பிறக்கும் முன்பே உருவானது, புதுப்பிக்கப்படுவதே இல்லை. சர்க்கரை அதில் வருஷக்கணக்காக ஒட்டும். அந்தப் புரதத்தைக் குளுக்கோஸ் கரைசலில் போட்டு, 37 டிகிரியில் வாரக்கணக்கில் வைத்திருக்கிறேன். தண்ணீர்போல இருந்த குழாய் மெல்ல மஞ்சளாகி, கஷாய நிறத்துக்கு வரும். அப்பாவுக்கு ஆபரேஷன் செய்தால் பார்வை தெளியும். ஆனால் விழித்திரையையும் வருஷம் ஒருமுறை காட்டுங்கள். புரையை எடுத்தாலும் அங்கே சர்க்கரை செய்யும் சேதம் நிற்காது.