பெரிய ஆட்டம் வந்தால் ஒவெச்கின் பதுங்கிவிடுவாரா?

கேள்வி: அண்ணா, வாஷிங்டன் ஐஸ் ஹாக்கி அணியின் அலெக்ஸ் ஒவெச்கின் சீசன் முழுக்க கோல் போட்டுத் தள்ளுவார், சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகள் வந்தால் காணாமல் போவார் என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். அப்படியா?

பதில்: இல்லை தம்பி. 2017 வரை சீசனில் 921 ஆட்டங்களில் 558 கோல், பிளேஆஃபில் 97 ஆட்டங்களில் 46 கோல். ஆட்டத்துக்கு 0.61 என்பது 0.47 ஆனது. குறைவுதான். ஆனால் பிளேஆஃபில் சொத்தை அணிகள் இருக்காது. ஒரே எதிரணி ஏழு ஆட்டம் வரை அவரைக் கட்டிப்போடவே திட்டம் போடும். அதற்கு நடுவிலும் இரண்டு ஆட்டத்துக்கு ஒரு கோல் என்பது சாதாரணமா?

கேள்வி: 2010 பிளேஆஃபில் மான்ட்ரியலுடனான ஏழு ஆட்டத் தொடரில் 3-1 என்று முன்னிலையில் இருந்தும் தோற்றார்களே, சார்?

பதில்: அந்தத் தொடரை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. சீசனில் முதலிடம் பிடித்த வாஷிங்டன் முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஆனால் ஒவெச்கின் ஏழு ஆட்டங்களில் 5 கோல், 5 அசிஸ்ட் (சக வீரரின் கோலுக்கு உதவிய பாஸ்). அணியை முடக்கியது மான்ட்ரியல் கோல்கீப்பர் ஹலாக். ஆறாவது ஆட்டத்தில் மட்டும் 53 ஷாட்களைத் தடுத்தார்! முந்தைய ஆண்டு பிட்ஸ்பர்க்கிடம் தோற்ற தொடரிலும் ஒவெச்கின் எடுத்தது 8 கோல், 6 அசிஸ்ட். இதைப் போய் பயம் என்றால் எப்படி?

கேள்வி: அப்போ அவர் சொதப்பியதே கிடையாதா?

பதில்: உண்டு. 2013-இல் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிராக ஏழு ஆட்டங்களில் ஒரே கோல். அதற்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன்.

கேள்வி: 2018-இல் கோப்பை வென்றாரே, அப்போது என்ன மாறியது?

பதில்: அவரைவிட அணிதான் அதிகம் மாறியது. சக வீரர் குஸ்னெட்சோவ் 32 புள்ளிகளோடு (கோலும் அசிஸ்ட்டும் சேர்த்து) பிளேஆஃபிலேயே முதலிடம். கோல்கீப்பர் ஹோல்ட்பி டாம்பா பேக்கு எதிரான கடைசி இரண்டு ஆட்டங்களில் ஒரு கோலும் விடவில்லை. சரி, ஒவெச்கின்? அதே டாம்பா தொடரின் ஏழாவது ஆட்டத்தில், தொடங்கி 62-ஆவது விநாடியில் கோல். மொத்தம் 24 ஆட்டங்களில் 15 கோல், பிளேஆஃபின் சிறந்த வீரர் விருது.

கேள்வி: எட்மண்டன் அணியின் மெக்டேவிட் மட்டும் பெரிய ஆட்டத்தில் பதுங்கவில்லையா? 2024 இறுதிச் சுற்றின் கடைசி இரண்டு ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட இல்லையே.

பதில்: அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களையும் பாருங்கள். எட்மண்டன் 0-3 என்று பின்தங்கியிருந்தது. ஒன்று தோற்றாலும் கதை முடிந்தது. இரண்டிலும் தலா நான்கு புள்ளிகள் எடுத்தார்.