தீக்காயம் ஆறிய பின்னும் தொடர வேண்டிய சிகிச்சை

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் சமையலறையில் சேலையில் தீப்பற்றி, 31 வயதான என் தங்கைக்குக் கழுத்து, மார்பு, வலது கை ஆகிய இடங்களில் பலத்த தீக்காயம் ஏற்பட்டது. ஒட்டுத்தோல் வைத்துப் புண் ஆறிவிட்டது. ஆனால் இரவெல்லாம் அரிப்பு, கழுத்தை நிமிர்த்த முடியவில்லை, வெளியே வரவும் மறுக்கிறாள். "உயிர் பிழைத்ததே பெரிது" என்கிறார் அவள் மாமியார். இனி இவ்வளவுதானா?
– வாசகி, விருதுநகர்

பதில்: இல்லை. புண் மூடியதோடு சிகிச்சையின் முதல் பாதிதான் முடிந்திருக்கிறது. ஆழமான தீக்காயத் தழும்பு முதிர்ந்து தளர ஓராண்டு முதல் இரண்டாண்டுகள் வரை ஆகலாம். அதுவரை அது தடித்துச் சிவந்து, சுருங்கிக்கொண்டே இருக்கும். எந்த நிலை உடலுக்குச் சுகமாக இருக்கிறதோ அந்த நிலையிலேயே தோல் இறுகிப்போகும் என்பதால்தான், முன்கழுத்தில் காயம் பட்டவர் தலையணை இல்லாமல் படுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். வீட்டிலோ இரக்கப்பட்டு இரண்டு தலையணைகளை அடுக்கிவிடுகிறோம். பிசியோதெரபி, கழுத்துப்பட்டை, தழும்பை இறுக்கமாக அழுத்திப் பிடிக்கும்படி அளவெடுத்துத் தைத்த அழுத்த ஆடை ஆகியவற்றை உடனே தொடங்குங்கள். அந்த ஆடையை நாளுக்கு ஏறக்குறைய 23 மணி நேரம், மாதக்கணக்கில் அணிய வேண்டியிருக்கும். நம் வெயிலில் அது பெரும் வேதனை என்பதால், துவைத்து மாற்ற இரண்டு ஆடைகளாவது இருப்பது நல்லது. இவற்றுக்குப் பிறகும் கழுத்து நிமிரவில்லை என்றால், இறுக்கத்தை அறுவை சிகிச்சையால் விடுவிக்க முடியும்.

எண்ணெய்ச் சுரப்பிகள் அழிந்து தோல் வறள்வதும், நரம்புகள் மீண்டும் வளர்வதும் அரிப்புக்குக் காரணங்கள். ஈரப்பதம் காக்கும் களிம்பை அடிக்கடி தடவுவதோடு, தூக்கம் கெடும் அளவுக்கு அரித்தால் மருத்துவரிடம் மாத்திரையும் கேளுங்கள். ஒட்டுத்தோலில் வியர்வைச் சுரப்பிகள் இல்லாததால், அடுப்படி வெக்கையை அவரால் தாங்க இயலாமல் போகலாம். அதைச் சோம்பல் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சீழ் பிடிக்கும் என்று முட்டையையும் மீனையும் விலக்கும் பத்தியமும் வேண்டாம், புரதம் அவருக்கு மிகவும் தேவை.

தீக்காயம் பட்டோரின் நலனை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் 40 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றில், கைத்திறன், வெப்பம் தாங்கும் ஆற்றல் ஆகியவற்றோடு, தன் தோற்றம் பற்றிய எண்ணம், உறவுகள், தாம்பத்தியம், வேலை ஆகியவையும் தனித்தனிப் பிரிவுகளாக இடம்பெறுகின்றன. உயிர் பிழைத்ததே போதும் என்று சொல்பவர்கள் இவற்றில் ஒன்றையும் கேட்பதில்லை. மனநல ஆலோசனையும் சிகிச்சையின் பகுதிதான். சென்னையில் பி.சி.வி.சி. என்ற தொண்டு நிறுவனம் தீக்காயத்திலிருந்து மீண்ட பெண்களுக்குத் துணைநிற்கிறது; அவர்களுள் சிலர் அங்குள்ள கஃபே ஒன்றில் பயிற்சி பெற்று வேலை பார்த்திருக்கிறார்கள். கழுத்தும் கையும் இயங்குவதில் நிரந்தரக் குறை 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாக மருத்துவக் குழு மதிப்பிட்டால், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகைகளையும் கோரலாம்.

இன்னொன்றையும் தயங்காமல் எழுதுகிறேன். தீ எப்படிப் பிடித்தது என்று வருவோர் போவோர் எல்லாம் கேட்பதை நிறுத்துங்கள். ஆனால் நீங்கள் மட்டும், வீட்டார் யாரும் அருகில் இல்லாத ஒரு நேரத்தில், அந்த வீட்டில் இருக்க அவருக்குப் பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள். பயம் என்றால், 181 என்ற மகளிர் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவியும் கிடைக்கும்.