கடலுக்குள் காற்று தீர்ந்தால்: ஸ்கூபா கேள்வி பதில்

கவிதா: 18 மீட்டர் ஆழத்தில் திடீரென்று காற்று வரவில்லை என்றால் முதலில் என்ன செய்வது?

துணை டைவரிடம் போங்கள். கழுத்துக்குக் குறுக்கே கையை வெட்டிக் காட்டினால் அவருக்குப் புரிந்துவிடும். அவரிடம் இருக்கும் ஆக்டோபஸை, அதாவது மஞ்சள் நிற உபரி ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி), வாங்கி வாயில் வைத்து, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றிவிட்டு நிதானமாக மூச்சு விடுங்கள். படபடப்பு அடங்கியதும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, நிமிடத்துக்கு 9 மீட்டர் அளவில் ஏறுங்கள். வழக்கமாக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்போம். அவர் சிலிண்டரிலும் காற்று குறைவென்றால் அங்கே நிற்காதீர்கள்.

சரவணன்: ஆழம் 8 மீட்டர்தான். ஆனால் துணை டைவர் 15 மீட்டர் தள்ளி இருக்கிறார். அப்போது?

மேலே போங்கள். ரெகுலேட்டரை மட்டும் வாயிலிருந்து எடுக்காதீர்கள். ஏற ஏற வெளி அழுத்தம் குறைவதால் தீர்ந்துபோன சிலிண்டரிலிருந்தும் ஓரிரு மூச்சு கிடைக்கலாம். மேலே பார்த்தபடி, 'ஆ...' என்று தொடர்ந்து ஒலியெழுப்பிக்கொண்டே நீந்துங்கள். மூச்சை அடக்கவே கூடாது. 10 மீட்டரில் நுரையீரலில் இருக்கும் காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும். நீச்சல் குள ஆழத்தில்கூட இது நடக்கலாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: 15 மீட்டர் தள்ளி இருப்பவரைத் துணை என்று நான் ஏற்கமாட்டேன். உடனே எட்டிவிடும் தூரத்தில் இருங்கள்.

மேரி: நீர்மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆபத்து முடிந்ததா?

இல்லை. சிலிண்டர் காலி என்பதால் பட்டனை அழுத்தினால், மிதக்க உதவும் ஜாக்கெட்டில் காற்று ஏறாது. வாயால் ஊதுங்கள். மிதக்கச் சிரமமாக இருந்தால் எடைகளைக் கழற்றிவிடுங்கள்; விலையைப் பார்க்காதீர்கள்.

அரவிந்த்: சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் கேஜில் 150 பார் (அழுத்த அலகு) காட்டியது. ஆனாலும் 20 மீட்டரில் மூச்சு இழுக்கக் கஷ்டமாக இருந்தது. ஏன்?

சிலிண்டர் வால்வு சரியாகத் திறக்கப்படாமல் இருந்திருக்கலாம். 20 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே செலவாவதைப் போல மூன்று மடங்கு காற்று போகும். லேசாகத் திறந்த வால்வு படகில் போதுமானதாகத் தெரியும், ஆழத்தில் கைவிட்டுவிடும். குதிப்பதற்கு முன் கேஜைப் பார்த்துக்கொண்டே நாலைந்து முறை மூச்சு இழுங்கள். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் விழுந்து எழுந்தால் வால்வைப் பாருங்கள். கடைசி நேரத்தில் வேறொருவர் வால்வைத் தொட்டிருந்தால் மறுபடியும் சோதியுங்கள்.

ஜெயா: எத்தனை பாரில் திரும்ப வேண்டும்?

200 பாரில் தொடங்கினால் 100 பாரில் திரும்புங்கள். படகில் ஏறும்போது 50 பார் மிச்சம் இருக்கட்டும்.